கிளம்பி வர ஒரு வீடு இருக்கிறதா?

கேள்வியைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய தோழி ஒரு பட்டதாரி. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். கல்யாணமாகி ஆறு வருடம், ஆறு வருடமும் கணவர் கை நீட்டுகிறார். "குடிதானே இதுக்கெல்லாம் காரணம்? இல்ல வரதட்சணையா? படிச்சு வேலைக்கும் போற பொண்ணு ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?" என்பது கேள்வி.

தென்மாவட்ட ஊர் ஒன்றில், குடும்ப ஆலோசனை மையத்தில் 14 வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். குடி உண்டு, வரதட்சணை உண்டு, சந்தேகப் புத்தியும் உண்டு. எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் அடி நிற்குமா, தொடருமா என்று கணிக்க நான் பழகிக்கொண்டது வேறொன்றை வைத்து. ராத்திரி 11 மணிக்கு அவள் கதவைத் திறந்து வெளியே வந்தால் எங்கே போவாள்? இதற்குப் பதில் இல்லை என்பது, அவளுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை விளக்க நிறைய சொல்ல வேண்டும். கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, 18 முதல் 49 வயது வரையுள்ள, கல்யாணமான பெண்களிடம் கேட்டது. கணவரிடம் எப்போதாவது வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1. பக்கத்துக் கேரளாவில் 9.9. நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் இருக்கும் மாநிலம், பெண் படிப்பில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், இந்தக் கணக்கில் தேசிய சராசரியைத் தாண்டி நிற்கிறது. படிப்பும் சம்பளமும் வந்துவிட்டால் அடி தானாக ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நேரம் பார்க்க வேண்டும்.

எண்களை அப்படியே விழுங்கவும் கூடாது. கர்நாடகத்தில் நான்காவது சுற்றில் 20.6 ஆக இருந்தது ஐந்தாவது சுற்றில் 44.4. நாலைந்து வருடத்தில் கன்னட ஆண்கள் எல்லோரும் மாறிவிட்டார்களா என்ன? சொல்லத் துணிந்தது கூடியிருக்கலாம், கேட்டவிதம் மாறியிருக்கலாம். ஆய்வாளர்கள் ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாக இருக்கும்போதுதான் கேட்பார்கள். "உங்கள் வீட்டில் வன்முறை உண்டா" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் அறைந்தாரா, தள்ளிவிட்டாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். இவற்றில் அறைந்தார் என்பதற்கு ஆம் என்றவர்களே நாட்டளவில் நாலில் ஒருவர். இதே பெண்களில் பலர், "உங்க வீட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டால் "நல்லவருதான்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. ஒரு அறையை அவர்கள் வன்முறை என்று எண்ணுவதே இல்லை, அவ்வளவுதான்.

சரி, குடிக்கு வருவோம். அதே ஆய்வில், அடிக்கடி போதையேறக் குடிக்கும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் மனைவியரில் 23 சதவீதம். 2003 கடைசியில் அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு வளர்ந்த ஒரு தலைமுறை இப்போது குடும்பம் நடத்துகிறது. ஆகவே குடியை லேசாகப் பேச நான் தயாராக இல்லை. சம்பள நாளுக்கு மறுநாள் எங்கள் மையத்துப் பெஞ்சில் இடம் இருக்காது.

ஆனால் அந்த இரண்டாவது எண்ணையும் பாருங்கள். ஒரு சொட்டும் தொடாதவர்கள் வீட்டிலும் ஏறக்குறைய நாலில் ஒரு பெண் அடி வாங்கியிருக்கிறாள். அப்புறம் இன்னொன்று. நான் பார்த்த குடிகாரர்களில் பெரும்பாலோர் வழியில் ஏட்டையாவைக் கண்டால் கைலியை இறக்கிவிட்டு "ஐயா" என்று ஒதுங்குகிறவர்கள்தான். கடன் கொடுத்தவரிடம் குரல் உயராது. மேஸ்திரியிடம் கை ஓங்காது. வாசற்படி மிதித்த பிறகுதான் கை நீளும். எவ்வளவு போதையிலும் யாரை அடித்தால் திருப்பிக் கேட்க ஆள் வரும், யாரை அடித்தால் வராது என்ற கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் நான் பேச வருகிறேன்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் சேர்ந்து ஏறத்தாழ 500 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்டகாலமாக உடல் வன்முறையை அனுபவித்திருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18. வீடு மட்டும் இருந்தவர்களில் 10. இரண்டும் இருந்தவர்களில் 7. குடும்ப வருமானம், படிப்பு முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது.

49-க்கும் 7-க்கும் உள்ள தூரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நிலத்தைவிட வீடு கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம். நிலத்தில் விளைச்சல் வரும், குத்தகை வரும். ஆனால் ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயலில் போய்ப் படுக்க முடியாது. வீடு என்றால் சாவி. அதுவும் அவள் அந்த வீட்டுக்குப் போகவே வேண்டியதில்லை, போக முடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது நாம் என்ன கொடுக்கிறோம்? பவுன் கணக்கில் நகை, பைக்கோ காரோ, கட்டில், பீரோ, பாத்திரம், மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின். ரொக்கமும் உண்டு, அதைப் பத்திரிகையில் போட மாட்டோம். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டதால் இதற்கெல்லாம் "சீர்" என்று பெயர் வைத்துக்கொண்டோம். இதில் எது அவளுக்குக் கூரையாகும்? நகை முதல் வருடத்திலேயே மாமியார் பீரோவுக்கோ அடகுக் கடைக்கோ போய்விடும். நாத்தனார் கல்யாணம், மச்சினன் வெளிநாட்டு ஏஜென்ட் பணம், தொழிலில் நஷ்டம் என்று ஏதாவது ஒன்று வரும். கட்டிலைத் தூக்கிக்கொண்டு ராத்திரி கிளம்ப முடியாது. இவ்வளவு செலவையும் ஒரு சென்ட் இடமாகவோ, அரை வீடாகவோ அவள் பெயரில் எழுதுகிறவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

பெண்ணுக்குச் சொத்தில் உரிமை இல்லாத ஊர் என்றாலாவது சமாதானம் சொல்லலாம். தமிழ்நாடு 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டது. டெல்லி அந்த வேலையைச் செய்தது 2005-இல். ஆனால் சட்டம் கொடுத்ததைத் திருப்பி வாங்க நம்மிடம் ஒரு காகிதம் இருக்கிறது: விடுதலைப் பத்திரம். அப்பா இறந்து கொஞ்ச நாளில், அண்ணன் தம்பிகள் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார்கள். "உனக்குத்தான் கல்யாணத்துல செஞ்சாச்சே, சும்மா ஒரு கையெழுத்து." அவளும் போடுவாள். ஏன் போட்டீர்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: "போடலைன்னா பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுல்ல." பிறந்த வீடு திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த வீட்டில் தனக்கிருந்த பங்கை எழுதிக் கொடுத்துவிடுகிறாள். அப்புறம் ஒருநாள் கன்னம் வீங்கி அங்கே போய் நிற்கும்போது அது அண்ணியின் வீடாக இருக்கிறது. ரெண்டு நாள் இருக்கலாம், மூன்றாம் நாள் "அவரு கோவம் தணிஞ்சிருக்கும்" என்று பேச்சு வரும்.

அண்ணியைக் குறை சொல்லவில்லை. அவளும் ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளாகத்தான் இருப்பாள்.

பிறந்த வீடு கதவைத் திறப்பதும் மூடுவதும் பல விஷயங்களைப் பொறுத்தது. தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாளா என்பது முக்கியமான கேள்வி. மூத்தவள் வந்து உட்கார்ந்துவிட்டால் இளையவளுக்கு வரன் தகையாது என்ற பயம் சாதாரணமானதல்ல. "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்ற ஒரு வாக்கியத்தால் நாலு வருடம் அடி வாங்கிய பெண்ணை எனக்குத் தெரியும். தங்கை கல்யாணம் முடிந்தது. அதற்குள் இவளுக்கு இரண்டாவது குழந்தை.

காதல் கல்யாணம் என்றால் வேறு மாதிரி. சாதி மாறிப் போனவள் என்றால் அந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டுவிட்டது. "நீயாத்தானே தேடிக்கிட்டே" என்ற சொல்லை எதிர்கொள்ள முடியாமலேயே அவர்கள் போன் செய்வதில்லை. அவனுக்கும் இது தெரியும். சண்டையில் முதலில் வரும் சொல்லே "எங்க போவ, போ பாப்போம்" என்பதுதான். காதல் கல்யாணமே தப்பு என்பவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. எனக்கு அது எரிச்சல் தரும். அடிப்பது அவன், கதவைப் பூட்டியது பெற்றோர், பழி மட்டும் காதலுக்கு.

அப்போ சொந்தத்தில் கொடுத்தால் பத்திரமா? தமிழ்நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. அத்தை பையன், மாமன் மகன் என்றால் பெண் வளர்ந்த முகங்களுக்கு நடுவே இருப்பாள், கண்டித்துக் கேட்கப் பெரியவர்கள் இருப்பார்கள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பல குடும்பங்களில் அப்படி நடக்கவும் செய்கிறது. ஆனால் தாய்மாமனைக் கட்டியவளின் நிலையை யோசியுங்கள். அவள் அழுதுகொண்டு போய் நிற்க வேண்டிய அம்மா, அடித்தவனுக்கு அக்கா. ஒருமுறை அப்படி ஓர் அம்மா என் எதிரில் உட்கார்ந்து, மகள் கையிலிருந்த சூட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டே, "அவன் சின்ன வயசுலேருந்தே முன்கோபி, மனசுல ஒண்ணும் இருக்காது" என்று தம்பிக்காக வாதாடினார். அந்த அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் மகள் போவாள், மறுபக்கம் சாய்ந்தால் கூடப்பிறந்தவன் போவான் என்ற இடத்தில் அவரை வைத்தது அந்தக் கல்யாணம்.

கேள்வியில் வரும் தோழியின் சம்பளத்துக்கு வருகிறேன். சம்பாதிக்கும் பெண்ணுக்கு அடி குறைவாகத்தானே விழ வேண்டும்? ஆய்வுகளில் அப்படி வரவில்லை. தேசிய ஆய்வுகளில் வேலைக்குப் போகும் பெண்கள்தான், வீட்டோடு இருக்கும் பெண்களைவிடக் கூடுதலாக வன்முறையைச் சொல்கிறார்கள். வறுமையினால் வேலைக்குப் போகிறவர்கள் இதில் நிறைய என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கம் நான் நேரில் பார்த்தது. சம்பாதிப்பது வேறு, சம்பாதித்ததை வைத்திருப்பது வேறு. ஏடிஎம் அட்டை கணவரிடம் இருக்கும். பின் நம்பரும் அவருக்குத்தான் தெரியும். தினமும் பஸ்ஸுக்கு 40 ரூபாய் எண்ணி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயரில் வங்கிக் கடன் இரண்டு, இரண்டும் கணவர் எடுக்கச் சொல்லி எடுத்தவை. இப்படிப்பட்ட வீட்டில் சம்பளமே சண்டைக்குக் காரணமாகிறது. யாரோடு பேசினாய், ஏன் லேட், போனைக் கொடு, ஓவர்டைம் பணம் எங்கே. போனை நோண்டுவதையும் வேலையிடத்துக்கே வந்து நிற்பதையும் "அன்பு அதிகம்" என்று முதல் வருடம் நினைத்தவர்கள் ஏராளம். சந்தேகமும் காவலும் ஆரம்பித்த வீடுகளில் அடி பின்னாலேயே வந்ததைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

வயதும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 ஆவதற்குள் கல்யாணம் ஆனவர்கள் என்று அதே ஐந்தாவது ஆய்வு சொல்கிறது. பதினாறில் கல்யாணமாகிப் போனவளுக்குப் படிப்பு பாதி, சிநேகிதிகள் கிடையாது, கணவனுக்கும் அவளுக்கும் எட்டு பத்து வயது வித்தியாசம். ஏன் என்று கேட்கவே அவளுக்குப் பல வருடம் பிடிக்கும். கல்யாணமே சட்டப்படி தப்பு என்பதால் பெற்றவர்களும் போலீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

இனி, அடிப்பது நியாயம் என்ற எண்ணம். ஐந்தாவது ஆய்வில் இந்தியப் பெண்களில் 45 சதவீதம் பேர், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆண்களில் 44 சதவீதம். கிட்டத்தட்ட சமம்! எந்தக் காரணத்துக்கு என்பதுதான் விசேஷம். மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் அடிக்கலாம் என்பதற்கே அதிகம் பேர் தலையாட்டினார்கள். குழந்தையையும் வீட்டையும் கவனிக்காமல் விடுவது அதற்கடுத்து. வேற்று ஆளோடு தொடர்பு என்ற சந்தேகம்கூட இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. மருமகள் என்ற பதவியில் குறை வைத்தால் தண்டனை என்பது போல. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதைச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தான் என்று என் அனுபவம். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்த பெண்கள், அப்படிப் பார்க்காதவர்களைவிட இரண்டு மடங்கு அளவுக்குக் கணவனிடம் வன்முறையைச் சந்திப்பதும் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பெண்ணின் தலையெழுத்து என்று அதற்கு அர்த்தமில்லை. அடி விழும்போது "இது இங்கேயும் உண்டா" என்ற அளவுக்குத்தான் அவளுக்கு அதிர்ச்சி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி மாதிரிப் பதறுவதில்லை.

இதனால்தான் வெளியே சொல்வது அவ்வளவு குறைவு. வன்முறையைச் சந்தித்த பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான், அவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸுக்குப் போனவர்கள் சொற்பம். ஆகவே பிறந்த வீட்டில் என்ன பதில் கிடைக்கிறது என்பதுதான், நடைமுறையில், இந்த நாட்டின் குடும்ப வன்முறைச் சட்டம்.

எழுதி வைத்த சட்டமும் ஒன்று இருக்கிறது, மோசமான சட்டமல்ல. 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 498ஏ பிரிவு (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86) கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கு மூன்று வருடம் வரை சிறை என்கிறது. அது தண்டிக்கும் சட்டம். நம் பெண்களில் பெரும்பாலோர் கேட்பது தண்டனை அல்ல. "அவரை ஜெயில்ல போட வேணாம் மேடம், அடிக்காம இருந்தா போதும்" என்பார்கள். அதற்குப் பொருந்துவது 2005-இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். அடி, பாலியல் வன்முறை, வசவும் மிரட்டலும், பணத்தைப் பிடுங்குவது அல்லது செலவுக்குக் கொடுக்காமல் விடுவது என நான்கையும் அது வன்முறை என்கிறது. கணவன் மனைவியின் விருப்பமில்லாமல் உறவு கொள்வதை, அவள் 18 வயது கடந்தவள் என்றால், குற்றவியல் சட்டம் இன்னும் பலாத்காரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்திலாவது அந்தப் பெண் அதைச் சொல்லி நிவாரணம் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

என் கேள்விக்கு, அதாவது எங்கே போவாள் என்பதற்கு, இந்தச் சட்டம் நேராகப் பதில் சொல்கிறது: அவள் ஏன் போக வேண்டும்? வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவனோடு சேர்ந்து குடித்தனம் நடத்திய வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது 17-ஆவது பிரிவு. 19-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் கணவனையே வெளியேறச் சொல்லலாம், அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம். மாமனார் பெயரில் உள்ள வீடு என்றால் மருமகளுக்கு உரிமை இல்லை என்று பல வருடம் துரத்திக்கொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மாமனார் மாமியார் சொத்தாக இருந்தாலும் அவள் அங்கே குடியிருந்தது நிலையான குடித்தனம் என்றால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான் என்று தீர்ப்புச் சொன்னது. கேஸ் போட மாமியார் வீட்டு ஊருக்கே போக வேண்டியதில்லை. தற்காலிகமாக எங்கே தங்கியிருக்கிறாளோ அந்த ஊர் நீதிமன்றத்திலும் போடலாம்.

நடைமுறை? மனு கொடுத்து மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 60 நாளில் முடிந்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 14 வருடத்தில்.

போலீஸ் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. பெண்கள் தயங்காமல் உள்ளே போக அது வழிசெய்தது, மறுக்க முடியாது. ஆனால் உள்ளே போன பிறகு பெரும்பாலும் நடப்பது பஞ்சாயத்து. மனு வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக சிஎஸ்ஆர் ரசீது கொடுப்பார்கள், கணவனைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள், "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள், சேர்த்து அனுப்பி வைப்பார்கள். சில ஆட்கள் அதற்கே பயந்து அடங்கியிருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் முதல் அடியே "என்னை ஸ்டேஷனுக்கு இழுத்தியா" என்பதற்காக. அவளுக்குப் போக இடமில்லை என்பதை இப்போது அரசாங்க முத்திரையோடு தெரிந்துகொண்டு வருகிறான்.

கடைசியாக, கேட்டவர் தோழிக்கு என்ன செய்யலாம். "ஏன் இன்னும் அங்கேயே இருக்க" என்று அவரிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தினமும் தன்னிடமே கேட்டுக்கொண்டிருப்பார். வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஆதார், சர்ட்டிபிகேட்டுகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கின்றன? நகை எங்கே இருக்கிறது, ரசீது உண்டா? அது அவருடைய சீதனம், அதாவது அவருக்கே சொந்தமான சொத்து. கணவர் கையில் இருந்தாலும் அவர் வெறும் காவல்காரர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. சம்பளம் போகும் கணக்கின் அட்டை யாரிடம்? பெற்றோருக்கு எவ்வளவு தெரியும்? சொத்தில் பங்கு இருந்தால், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றா?

அடுத்த முறை காயம் பட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று அங்கே சொல்லாமல், யார் அடித்தது என்றே சொல்லச் சொல்லுங்கள். அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். "ஏஆர் காப்பி" என்று கேட்டால் தருவார்கள். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு "என் கட்சிக்காரர் கை நீட்டியதே இல்லை" என்னும்போது அந்த ஒற்றைத் தாள்தான் பேசும். ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத்துறையின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு மனுவும் தயார்செய்து தருவார், வக்கீல் கட்டாயமில்லை, காசும் கிடையாது. இரவில் என்றால் பெண்கள் உதவி எண் 181, அல்லது அவசர எண் 112. தங்க இடமில்லாவிட்டால் மாவட்டத் தலைநகரில், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையம் இருக்கிறது, சில நாள் தங்கலாம்.

சில நாள்தான். அதற்கப்புறம் எங்கே என்பதை இப்போதே பேசி வையுங்கள். உங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்றால், இருக்கிறது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவருடைய அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால் அவர்களிடமும் போய்ப் பேசலாம். 2025 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. எங்கள் மையத்துக்கு வந்த ஒரு லாரி டிரைவர், மகளை மூன்றாம் தடவை கூட்டிக்கொண்டு வந்தபோது, சலுகை எதுவும் இல்லாத அந்தக் காலத்திலேயே வீட்டின் பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டும் கட்டி, தனி வாசல் வைத்து, அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அதைச் சொல்லவும் செய்தார். மகள் திரும்பிப் போனாள். அந்த அறையில் அவள் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. இப்போதும் அதில் நெல் மூட்டைதான் கிடக்கிறது. நாலாம் தடவை அவர்கள் எங்களிடம் வரவில்லை.